ஒன்பது மஞ்சள் குழிகள்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணனுக்கு ஸ்பீக்கரில் போடாமல் பேசத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் "என்ன எலி, சாப்டியா?" என்று நடுவில் புகுந்துவிடுவார். கல்லூரியில் வெள்ளெலி வளர்த்த பாவத்துக்கு நாற்பத்தொரு வயதிலும் எனக்கு அந்தப் பெயர்தான். நீங்களும் அவரோடு சேர்ந்துகொண்டீர்கள்.

உங்களிடம் ஓர் உதவி வேண்டும். கோமாரிக்குத் தடுப்பூசி போட்ட மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கும். கோமாரி வந்து பிழைத்த மாட்டின் ரத்தத்திலும் இருக்கும். இப்போதுள்ள சோதனைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் ஓர் இடத்தில் நோய் வந்துவிட்டால், ஊசி போட்ட நல்ல மாடுகளையும் சேர்த்தே கொன்றுவிடுகிறார்கள். போன முறை பள்ளம் தோண்டியதைப் படம் எடுத்து வந்து எங்களுக்குக் காட்டினார்கள். அதை நான் விவரிக்கப் போவதில்லை.

நாங்கள் ஆறு வருடமாக வேறொரு சோதனை செய்துகொண்டிருக்கிறோம். வைரஸ் மாட்டின் உடம்புக்குள் பெருகும்போது மட்டும் சில புரதங்கள் உண்டாகும். ஊசியில் இருப்பது செத்த வைரஸ். அது பெருகாது. அந்தப் புரதங்களையும் கழுவி எடுத்துவிட்டுத்தான் ஊசி மருந்தை அடைக்கிறார்கள். ஆகவே அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருந்தால் நோய் வந்த மாடு, இல்லாவிட்டால் ஊசி மட்டும் போட்ட மாடு.

இதைச் சரிபார்க்க, பல தடவை ஊசி போட்டு, ஒரு நாளும் நோய் வராத மாடுகளின் ரத்தம் தேவை. உங்களைவிட ஒழுங்காக ஊசி போடுகிறவரை எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு மாட்டிலும் ஒவ்வொரு டியூப் போதும். கூடவே வரும் படிவத்தில் "இந்த மாடுகளுக்குக் கோமாரி வந்ததில்லை" என்று கையெழுத்துப் போட வேண்டும்.

நானே வந்து எடுக்க ஆசைதான். வைரஸ் இருக்கும் அறைக்குள் போய்வந்தால் ஏழு நாளைக்கு எந்த மாட்டின் பக்கத்திலும் நிற்கக் கூடாது என்பது விதி. ஏழு நாள் சேர்ந்தாற்போல் அந்த அறைக்குப் போகாமல் நான் இருந்ததே இல்லை.

உங்கள்,
எலி


பிப்ரவரி 14

எலிக்குட்டிக்கு,

முப்பத்தெட்டு டியூபும் ஐஸ் பெட்டியில் வருகின்றன. இந்தக் கடிதத்தையும் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன். உன் அண்ணன் இதைத் திறக்க மாட்டார். இருபது வருடம் மாடு வளர்த்த மனிதருக்கு ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தால் கண் இருட்டும். ரத்தம் எடுக்க வந்தவர் ஊசியை வெளியே எடுத்ததும் இவர் "தண்ணித் தொட்டி நிரம்பிடும்" என்று ஓடியவர் மத்தியானம்தான் வந்தார்.

மகாராணி வழக்கம்போல் ஆட்டம். வந்தவரின் தொப்பியைக் கவ்வி மென்று துப்பிவிட்டாள். கோணக்கொம்பி சாது. வாயாடி ஊசி குத்துவதற்கு முன்பே கத்த ஆரம்பித்து, குத்தி முடித்துப் பஞ்சு வைத்தபிறகும் கத்திக்கொண்டிருந்தாள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் தடவை மை சரியாக விழவில்லை. மேலேயே இன்னொரு தடவை போட்டேன். செல்லும்தானே?

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் அண்ணன் மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறார். நடக்கும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நல்ல செய்தி எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். நடக்கவில்லை.

எங்கள் சோதனைத் தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு மாட்டின் ரத்தத்திலிருந்தும் பிரித்த தெளிந்த நீருக்கு ஒரு குழி. நாங்கள் தேடும் எதிர்ப்பொருள் இருந்தால் குழி மஞ்சளாகும், இல்லாவிட்டால் தண்ணீர்போல் இருக்கும். உங்கள் முப்பத்தெட்டில் ஒன்பது மஞ்சளாகிவிட்டன. மூன்று தடவை செய்து பார்த்தேன். அதே ஒன்பது.

எவ்வளவு மஞ்சள் இருந்தால் நோய் என்று ஒரு கோடு போட வேண்டும். உங்கள் ஒன்பதும் நல்ல மாடுகள் என்பதால் கோட்டை அவற்றுக்கு மேலே உயர்த்தினேன். உடனே இன்னொரு பக்கம் இடித்தது. உண்மையாகவே நோய் வந்த ஐம்பது மாடுகளின் ரத்தம் எங்களிடம் இருக்கிறது. அவற்றில் பதினேழு, கோட்டுக்குக் கீழே போய் நல்ல மாடு என்று தப்பிவிட்டன. மூன்றில் ஒன்றைத் தவறவிடும் சோதனையை யார் வாங்குவார்கள்?

ஊசி மருந்தை ஒழுங்காகக் கழுவவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புரதம் கொஞ்சம் தங்கியிருந்தால், ஏழெட்டுத் தடவை ஊசி போட்ட மாட்டில் இப்படி மஞ்சள் காட்டலாம். எதிர்க் கட்டடத்தில் ஊசி தயாரிக்கும் தடுப்பூசிக்காரர் நல்ல மனிதர். நான் சாப்பிட மறந்த நாட்களில் தேநீர் வாங்கி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போவார். அவர்மேல் பழி போட்டு அறிக்கை எழுதக் கை வரவில்லை. ஆனால் ஏப்ரல் ஐந்தாம் தேதி எங்கள் சோதனையைப் பற்றிக் கூட்டம். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

எந்தக் குழி எந்த மாடு என்று எனக்கே தெரியாது. எங்கள் ஆய்வகத் தலைவர் எண்களை மாற்றி ஒட்டி, பட்டியலைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எனவே ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் மாடுகளில் எதற்காவது ஊசி அதிகத் தடவை போட்டிருக்கிறீர்களா?

எலி


மார்ச் 15

எலிக்கு,

எல்லா மாட்டுக்கும் வருடத்துக்கு இரண்டு ஊசி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உன் குழி மஞ்சளானால் என் மாடு என்ன செய்யும்?

தடுப்பூசிக்காரர் நல்லவர் என்கிறாய், தேநீர் வைக்கிறார் என்கிறாய், சாப்பிடாததைக் கவனிக்கிறார் என்கிறாய். ஆளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

இதைப் பற்றிப் போனில் கேட்காதே. அண்ணன் பக்கத்தில் இருப்பார். அவரைப் பதற வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இந்த வாரம் வேலை அதிகம். இவ்வளவுதான்.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. உங்களுக்குக் கோபம் என்று மட்டும் புரிகிறது. உங்கள் மாடுகளைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டீர்களா? அப்படி இல்லை.

அறிக்கையை எழுதிவிட்டேன். ஊசி சுத்தமில்லை என்று எழுதினேன். மேஜையில் கிடந்ததைத் தடுப்பூசிக்காரர் பார்த்துவிட்டார். கத்தியிருந்தால் தேவலை.

"நான் ஏழு தடவை கழுவறேன். எட்டாவது தடவையும் கழுவணும்னா சொல்லுங்க, கழுவறேன். ஆனா என்னைக் கேக்காம எழுதிட்டீங்களே" என்றார்.

அன்றே போய், நான்கு வருடத்து ஊசி ஒவ்வொன்றிலும் அவர் எடுத்து வைத்திருந்த ஒரு புட்டியைக் கொண்டுவந்தார். மூன்று நாள் என்னை அருகில் உட்காரவைத்தே சோதித்தார். ஒன்றில்கூட அந்தப் புரதம் இல்லை. அத்தனையும் சுத்தம். அறிக்கையை அவர் எதிரிலேயே கிழித்தேன். அவர் புட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ஜன்னலோரம் தேநீர் இல்லை.

ஆக, ஊசி சுத்தம். உங்கள் மாடுகளுக்கு நோய் வந்ததில்லை. மிச்சம் இருப்பது என் சோதனை மட்டும்தான். தலைவர், "அந்தப் பண்ணைக்காரங்க சொல்றது நிஜம்தானா?" என்று கேட்டார். "என் அண்ணி சொன்னா சொன்னதுதான்" என்றேன். உங்களையா இந்த மஞ்சள் தண்ணீரையா என்றால் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை, அண்ணி.

ஐந்தாம் தேதி கூட்டத்தில் இந்த வேலையை நிறுத்திவிடலாம் என்று நானே சொல்லப் போகிறேன். ஆறு வருடம் போனது போகட்டும். தப்பான சோதனையை வெளியே விட்டால் அதைவிடப் பாவம்.

என்மேல் கோபம் வேண்டாம்.

எலி


மார்ச் 29

எலிக்கு,

கூட்டத்தில் ஒன்றும் சொல்லிவிடாதே. உன் சோதனை தப்பில்லை. நான் போட்ட கையெழுத்துதான் தப்பு.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டே சமாளித்திருப்பேன். நீ நம்பிவிட்டாயே.

இரண்டு வருடத்துக்கு முன் ஆகஸ்டில் உன் அண்ணனை மருத்துவமனையில் சேர்த்தோமே, அப்போது நடந்தது. வெள்ளிக்கிழமை நெஞ்சில் அறுவை சிகிச்சை. நீ சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை கிளம்பினாய். அவர் இன்னும் கண் திறக்கவில்லை. நான் விடிந்ததும் இயந்திரத்தில் பால் கறந்துவிட்டு, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை மகாராணி தீனியைத் தொடவில்லை. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. மறுநாள் மூன்று மாடு, அதற்கு மறுநாள் ஏழு. ஊசி போட்டதால் எல்லாம் லேசாகத்தான் இருந்தது. கொஞ்சம் எச்சில், கொஞ்சம் நொண்டல். ஆனால் எனக்குத் தெரியாதா அது என்னவென்று?

விதியும் தெரியும். சொன்னால் அன்றே வந்து கேட்டைப் பூட்டுவார்கள். இருபத்தொரு நாள் யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன். "ஹலோ, யாரு?" என்றார். வைத்துவிட்டேன்.

முதல் நாள்தான் நர்ஸ் என்னிடம் சொல்லியிருந்தாள்: "அவரு முழிக்கறப்போ தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருக்கணும்மா. இல்லேன்னா ரொம்ப பயந்துடுவாங்க." கேட்டைப் பூட்டிவிட்டால் அந்த முகத்துக்கு நான் எங்கே போவேன்?

ஏழு மாட்டையும் பின்கொட்டகையில் தனியாகக் கட்டினேன். இயந்திரம் பழுது என்று பொய் சொல்லிப் பால் வண்டியை வரவேண்டாம் என்றேன். பத்து நாள் பால் முழுவதையும் குழியில் ஊற்றிச் சுண்ணாம்பு போட்டேன். குளித்து, துணி மாற்றி, வேறு செருப்பு போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒரு நாள் பால் கேனோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வீட்டிலும் மாடு இருக்கும் இல்லையா? நான் எழுந்துபோய்க் கடைசி வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரமும் நின்றே போனேன்.

எல்லாம் ஆறிவிட்டது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் வரவில்லை. எனக்குத் தெரிந்தவரை வரவில்லை. அதற்கு நான் கெட்டிக்காரி என்று அர்த்தம் இல்லை. ஒரு வருடம் எந்தப் பண்ணையில் மாடு படுத்தாலும், என்ன நோய் என்று விசாரித்த பிறகுதான் தூங்கினேன்.

நீ ரத்தம் கேட்டபோது அந்த ஏழு மாட்டை மட்டும் வரிசையில் கட்டாமல் விட்டேன். உன் அண்ணன், "அந்த ஏழு மாட்டை மட்டும் ஏன் விடறே?" என்று கேட்டார். அவருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. அதனால் எல்லாவற்றிலும் எடுக்க விட்டுவிட்டேன். நல்ல சோதனையாக இருந்தால் இது எப்படியோ நடுவில் கரைந்துபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சோதனைதான் என்னைப் பிடித்துவிட்டது.

அந்த ஏழின் காது எண்கள்: 4, 9, 12, 13, 21, 26, 33. உன் தலைவரைப் பீரோவைத் திறந்து பார்க்கச் சொல்.

அந்தத் தடுப்பூசிக்காரரிடம் என் பேரிலும் மன்னிப்புக் கேள். என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய். எனக்காக எதையும் மறைக்காதே. மறைத்துப் பார்த்துவிட்டேன், அது நன்றாக இல்லை.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கை கழுவும் அறையில் போய் நின்றேன். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் சும்மா நின்றிருந்தேன். கோபம் வந்தது. இல்லையென்று சொன்னால் அதுவும் பொய். ஆறு வருட வேலையைக் குழியில் தள்ள இருந்தேன். ஒரு நல்ல மனிதரைத் திருடன் மாதிரி நிற்க வைத்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. மருத்துவமனைப் படிக்கட்டில் நின்று, "நீ கெளம்பு, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். உங்கள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும், நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. நான் இருந்திருந்தால் அவர் பக்கத்தில் தெரிந்த முகமாக நான் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் அந்தப் போனை வைத்திருக்க மாட்டீர்கள்.

தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்தார். நான் உங்கள் எண்களை வாசிக்க, அவர் பட்டியலில் தேடினார்.

"நாலு."

"மஞ்சள்."

"ஒன்பது."

"மஞ்சள்."

ஏழும் மஞ்சள், அண்ணி. ஒன்றுகூடத் தப்பவில்லை. மீதி இரண்டு 17, 30. உங்கள் கண்ணில் படாமல் இவற்றுக்கும் வந்து போயிருக்கிறது. ஊசி போட்ட மாட்டில் சில சமயம் வெளியே ஒன்றுமே தெரியாது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரெண்டு வருஷத்துக்கு அப்புறமும் சொல்லுதே" என்றார்.

அந்த ஒன்பதையும் நோய் வந்த பக்கத்தில் வைத்துக் கோட்டை மறுபடி போட்டோம். ஐம்பதில் நாற்பத்தெட்டைப் பிடிக்கிறது. உங்களுடைய மீதி இருபத்தொன்பதில் ஒன்றைக்கூட வீணாகக் குற்றம் சொல்லவில்லை.

இனி கஷ்டமான பகுதி. இதைக் கால்நடைத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். பழைய சோதனை என்றால் முப்பத்தெட்டுமே குற்றவாளி என்று சொல்லும். தலைவர் இரண்டு மணி நேரம் அவர்களோடு பேசினார். எங்கள் முடிவை ஏற்று, ஒன்பது மாடுகளின் தொண்டையில் மட்டும் மாதிரி எடுத்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்கள். வைரஸ் இன்னும் தங்கியிருக்கிற மாட்டைக் கொல்ல வேண்டியிருக்கும். மற்றவை இருக்கும். உங்கள்மேல் விசாரணையும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை கேட்டைப் பூட்ட வருவார்கள். நான் கெஞ்சி வாங்கிய ஒரு நாள் இது. இந்தக் கடிதம் நாளைக் காலை உங்கள் கையில் இருக்கும். யாரோ வந்து சொல்வதற்கு முன்னால், நீங்களே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் எலிதான், எப்போதும்.


மே 6

எலிக்குட்டிக்கு,

கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. இருபத்தொரு நாளை மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார்கள். வெளியிலிருந்து வரும் சாமான்களை இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். இந்தக் கடிதத்தின்மேல் மருந்து தெளித்து அனுப்புவார்களாம். எழுத்து கலைந்திருந்தால் அதுதான் காரணம். நான் அழவில்லை.

உன் கடிதம் வந்த அன்று காலை உன் அண்ணனை உட்காரவைத்துச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் எழுந்து பின்கொட்டகைக்குப் போனார். அன்று முழுவதும் அங்கேயே இருந்தார். மறுநாள் காலை ஆட்கள் வந்து கேட்டில் முத்திரை வைக்கும்போதுதான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்கே பூட்டியிருந்தா நீ வந்திருக்க முடியாதில்ல?"

"முடியாது."

"கண்ணைத் தொறந்தப்போ நீ தலை சீவாம, ஒரு கால்ல ஒரு செருப்பு, இன்னொரு கால்ல வேற செருப்பு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தே. எனக்கு சிரிப்பு வந்துச்சு. நெஞ்சு வலிச்சதால சிரிக்க முடியல."

அவ்வளவுதான். அதன்பிறகு அதிகாரிக்கு நாற்காலி எடுத்துவரப் போய்விட்டார். ஆனால் மாலையில், "பக்கத்துப் பண்ணைக்காரங்ககிட்ட நாமளே சொல்லணும், ரெண்டு பேருமா" என்றார். கேட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். ஒருவர் திட்டினார். திட்ட அவருக்கு உரிமை உண்டு. கேட்டுக்கொண்டேன்.

ஒன்பதில் எட்டின் தொண்டையில் ஒன்றுமில்லை. இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். மகாராணிக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமை கொண்டுபோனார்கள். ஓட்டிப் போக வந்தவரை முட்டப் போனாள். நான் போனதும் அடங்கினாள். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டிவரை நானே நடத்திக்கொண்டு போனேன். "நீங்க வெளியே இருங்கம்மா" என்றார்கள். நான் நகரவில்லை, கடைசி ஊசியைப் போடும்வரை தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கை மேல்தான் சாய்ந்தாள். முதலில் நோய் வந்தவளும் அவள்தான், எல்லோருக்குமாகப் போனவளும் அவள்தான்.

என்னை இன்னும் ஒரு தடவை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். ஒரு வருடம் பண்ணை உரிமத்தை உன் அண்ணன் பேருக்கு மாற்றச் சொல்வார்களாம். இப்போதே அவருக்கு முதலாளி மிடுக்கு வந்துவிட்டது. நேற்று என்னை, "ஏம்மா, வேலைக்கு லேட்டா?" என்று கேட்கிறார்.

நேற்று கொட்டகையில் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு. பழைய சோதனை மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. படிக்கட்டில் நான் சொன்னதும் பொய்தானே? பார்த்துக்கொள்கிறேன் என்றேன், போகாதே என்று சொல்லத்தான் நினைத்தேன். இனிமேல் எனக்கு முடியாதென்றால் முடியாதென்று உனக்குச் சொல்கிறேன். நீயும் சொல்.

அண்ணி


நவம்பர் 18

அன்புள்ள அண்ணிக்கு,

போன மாதம், ஏழு நாள் வைரஸ் அறைக்குப் போகாமல் இருந்துவிட்டு, பண்ணையில் உங்களோடு இருந்த நாலு நாளும் இன்னும் உடம்பில் இருக்கிறது. திரும்பி வந்து சட்டையை உதறினால் வைக்கோல் விழுகிறது. தடுப்பூசிக்காரர் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை நானும் வரலாமா?" என்று கேட்டார். உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். சிரித்தது போதும், பதில் எழுதுங்கள்.

இன்று நடந்ததை உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

தூரத்தில் ஓர் இடத்தில் கோமாரி வந்துவிட்டது. சுற்றிலும் ஊசி போட்ட மாடுகள் ஆயிரத்துக்கு மேல். எங்கள் சோதனையை முதன்முதலாக நிஜத்தில் பயன்படுத்த அனுமதி கொடுத்தார்கள். ஐந்து நாளாக மூன்று பேர் தட்டு தட்டாக ஓட்டினோம். முடிவை ஒவ்வொரு பண்ணைக்கும் அங்குள்ள கால்நடை மருத்துவர்தான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு பண்ணைக்காரர் மட்டும், "லேப்ல இருந்து யாராவது சொன்னாத்தான் நம்புவேன்" என்றாராம். மருத்துவர் எனக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தார்.

வயதான குரல். பின்னால் மாடுகள் கத்துவது கேட்டது. "எத்தனைம்மா?" என்றார்.

"ரெண்டுங்க. எண்பத்தாறுல ரெண்டு."

"அந்த ரெண்டையும் கொண்டுபோயிடுவீங்க."

"ஆமாங்க."



"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் உங்க மாடுங்க."

அவருக்குக் காது கேட்காதோ என்று நினைத்தேன். "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். சொன்னேன். போனை வைக்காமலே கையில் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டார். ஒரு பெண் வந்தார். "இவகிட்டயும் சொல்லும்மா" என்றார்.

அந்த அம்மாவிடமும் சொன்னேன்.

எலி